வெசூவியசின் வெள்ளைப் படிகமும் செவ்வாத்தூர்க் காக்காப்பொன்னும்

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். முதுகலை நிலவியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டது இது: "பொட்டாசியம் மிகுந்த தீப்பாறைகள் எப்படி உருவாகின்றன? ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் இடங்களுக்கே அவை உரியவை என்று எங்கள் பாடக்குறிப்பில் இருக்கிறது. தட்டு எதுவும் அமிழாத ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கிலும் அவை இருக்கின்றனவே, எது சரி? தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பாறை உண்டா?"

பாடக்குறிப்பு பாதி சரி. இந்தப் பாறை பிறக்க இரண்டு காரியங்கள் நடந்தாக வேண்டும். மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசப் பாறைக்குள் பொட்டாசியம் போய்ச் சேர வேண்டும். பிறகு அந்தப் பாறை உருக வேண்டும். முன்னது நடந்து பின்னது நடக்கச் சில லட்சம் ஆண்டுகளும் ஆகலாம், நூறு கோடி ஆண்டுகளும் ஆகலாம். எரிமலை வெடித்த இடம் பின்னதைத்தான் காட்டிக்கொடுக்கும். பொட்டாசியம் வந்த வழி வேறு கதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு "எந்தத் தட்டு எல்லை?" என்று கேட்பதால்தான் பாடக்குறிப்பும் ஆப்பிரிக்காவும் மோதிக்கொள்வதுபோல் தெரிகிறது.

பொட்டாசியம் மிகுந்த பாறை என்றதும் கிரானைட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். கிரானைட்டில் 4, 5 சதவீதம் பொட்டாசியம் ஆக்சைடு இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. கண்ட மேலோட்டின் மேற்பகுதியிலேயே சராசரியாக 2.8 சதவீதம் கிடக்கிறது. அது உருகித் திரளும்போது இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மக்னீசியம் நிறைந்து, கறுத்து, கவசத்திலிருந்தே கிளம்பி வந்த குழம்பில் 7, 8 சதவீதம், சில இடங்களில் 11 சதவீதம்கூட இருப்பதுதான் அதிசயம். 1987-இல் ஸ்டீபன் ஃபோலியும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள். பொட்டாசியம் ஆக்சைடு 3 சதவீதத்துக்கு மேல், மக்னீசியம் ஆக்சைடும் 3 சதவீதத்துக்கு மேல், பொட்டாசியம் ஆக்சைடு சோடியம் ஆக்சைடைப் போல் இரு மடங்குக்கு மேல். மூன்றும் பொருந்தினால் அது அதீதப் பொட்டாசியப் பாறை. அதற்குள் லாம்ப்ராய்ட், காமாஃபுகைட், ரோமானிய வகை என்று மூன்று குடும்பங்கள். இந்த அளவுகோலுக்குச் சற்று வெளியே நிற்கும் சொந்தக்காரர்களும் உண்டு. அமெரிக்காவின் அப்சரோக்கா மலைகளிலிருந்து 1895-இல் இடிங்ஸ் என்ற நிலவியலார் பெயரிட்ட ஷோஷோனைட் அவற்றில் ஒன்று.

இதைப் புரிந்துகொள்ள வெசூவியசிலிருந்து தொடங்குவதே நல்லது. போம்பெய் நகரத்தைப் புதைத்த மலை என்று உலகம் அதை அறியும். பாறைக்காரர்களுக்கு அது லூசைட் மலை, பொட்டாசியம் நிறைந்த வெள்ளைப் படிகத்தின் மலை. கல்லூரி ஆய்வகத்தில் நான் முதன்முதலாக லூசைட்டைப் பார்த்தது வெசூவியஸ் கல்லில்தான். கல்லை அறுத்து, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்த்து, கண்ணாடியில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைப்போம்; ஆய்வகத்தில் எல்லோரும் 'தின் செக்‌ஷன்' என்றே சொல்வோம். சாதாரண ஒளியில் லூசைட் நிறமற்று, ஏறக்குறைய உருண்டையாக, கவனித்துப் பார்த்தால் எட்டு மூலையோடு தெரியும். அதற்குள் கண்ணாடித் துகள்களும் குட்டிப் படிகங்களும் வட்டமாகவோ ஆரக்கால் போலவோ வரிசை பிடித்து நிற்கும், யாரோ உட்கார்ந்து கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல. ஒரே தளத்து ஒளியை மட்டும் விடும் மேல் வடிகட்டியைச் செருகினால் படிகம் கறுத்துப்போய், அதில் மங்கலான சாம்பல் நிறப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அந்தப் பட்டைகளுக்குக் காரணம் உண்டு. கொதிக்கும் குழம்பில் லூசைட் கனசதுர ஒழுங்கில் வளர்கிறது. ஏறத்தாழ 600 டிகிரிக்கு ஆறும்போது அந்த ஒழுங்கு சற்றே கோணிக்கொள்கிறது. வெளி உருவம் பழையபடி இருக்க, உள்ளே மட்டும் படிகம் பல திசைகளில் மடிந்துவிடுகிறது.

வேதியியலில் இந்தக் கல்லுக்குப் பெரிய இடம் உண்டு. பொட்டாசியம் உப்பை அந்தக் காலத்து ஐரோப்பியர் 'தாவரக் காரம்' என்றார்கள். மரத்தை எரித்த சாம்பலிலிருந்து எடுப்பதால் அது செடிகொடிகளுக்கே உரியது என்று எண்ணம். நம் உழவர்களும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்றுதானே சொல்கிறார்கள். 1797-இல் பெர்லினைச் சேர்ந்த மார்ட்டின் கிளாப்ரோத் வெசூவியஸ் லூசைட்டைப் பகுத்துப் பார்த்தபோது அதே சாம்பல்சத்து கல்லுக்குள் இருப்பதைக் கண்டார். ஆங்கிலேய வேதியியலார் டேவி பொட்டாசியத்தைத் தனிமமாகப் பிரித்தெடுத்தது அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1807-இல்.

ரோமாபுரியின் தெருக்கற்களும் இதே குடும்பம். நகரத்துக்குத் தெற்கே இருக்கும் ஆல்பன் குன்றுகளிலிருந்து இறங்கிய காப்போ டி போவே என்ற லாவா ஓட்டத்தின் மேல்தான் ஆப்பியன் சாலை சில கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டத்தை வெட்டி எடுத்த கற்களாலேயே சாலைக்குத் தளமும் போட்டார்கள். பார்க்கக் கறுப்பாக, சாதாரண எரிமலைக்கல்லான பசால்ட் போலவே இருக்கும். உள்ளே லூசைட். அந்தச் சாலையோரத்தில் நிற்கும் சிசிலியா மெட்டெல்லா கல்லறையின் பெயரை வைத்து அந்தக் கல்லுக்கே ஒரு காலத்தில் 'சிசிலைட்' என்று பெயர் சூட்டினார்கள். பெயர் சூட்டும் ஆசையில் பாறைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. ஊருக்கு ஒரு பெயர், குன்றுக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டே போய், பிறகு குழு போட்டு அவற்றைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இனி முதல் கேள்விக்கு வருவோம். வெசூவியசின் அண்மைக்கால லாவாவில் ஏறத்தாழ 7 சதவீதம் பொட்டாசியம் ஆக்சைடு. அது எங்கிருந்து வந்தது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். புவி உருவான காலத்துக் கவசத்தில் பொட்டாசியம் ஆக்சைடு சுமார் 0.03 சதவீதம். இன்றைய கடல்தரை பசால்ட்டுக்குத் தாயான கவசத்தில் அதைவிடவும் மிகக் குறைவு. அதனால் கடல்தரை பசால்ட்டிலேயே 0.1, 0.2 சதவீதம்தான் தேறுகிறது. பொட்டாசியம் அயனி பருமனானது, மக்னீசியம் அயனியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆரம் கொண்டது. கவசத்தின் முதன்மைக் கனிமங்களான ஆலிவினிலும் பைராக்சினிலும் அதற்கு உட்கார இடமில்லை. பாறை கொஞ்சம் வியர்த்தாலே போதும், இருக்கும் பொட்டாசியம் முழுவதும் உருகலோடு வெளியேறிவிடும். அப்படி முழுவதுமே வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், 0.03-ஐ 7 ஆக்க 230 மடங்கு திரட்ட வேண்டும். அதாவது பாறையில் 0.4 சதவீதம் மட்டும் உருக வேண்டும். ஒரு கன கிலோமீட்டர் லாவாவுக்கு 230 கன கிலோமீட்டர் கவசத்தைப் பிழிந்தெடுக்க வேண்டும் என்று பொருள்.

எப்படியோ பிழிந்தெடுத்தார்கள் என்றே இருக்கட்டும். சோடியத்துக்கு என்ன பதில் சொல்வது? கவசத்தில் சோடியம் ஆக்சைடு சுமார் 0.36 சதவீதம், பொட்டாசியத்தைப் போல் 12 மடங்கு. அதுவும் உருகலுக்குள் போகத் துடிக்கும் தனிமம்தான். சாதாரணக் கவசத்தை எவ்வளவு கருமித்தனமாக உருக்கினாலும் சோடியம் கூடவே வந்து நிற்கும். பொட்டாசியம் அதைப் போல் இரு மடங்காக வரவே வராது. மாணவர்கள் பெரும்பாலும் முதல் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான் முக்கியம். கவசத்தில் ஏதோ ஓர் இடம், பொட்டாசியம் மிகுந்தும் சோடியம் குறைந்தும், முன்கூட்டியே தயாராகியிருக்க வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது.

நூறு ஆண்டுக்கு முன்பு வேறொரு விளக்கம் செல்வாக்காக இருந்தது. வெசூவியசுக்கு அடியில் கனமான சுண்ணாம்புக்கல் படுகை இருக்கிறது. மேலேறும் சாதாரணக் குழம்பு அதைக் கரைத்து உண்டு, சிலிக்காவை இழந்து, லூசைட் பாறையாக மாறியது என்றார்கள். நிலவியலார் டேலி இந்த எண்ணத்தைப் பொதுவாக முன்வைத்தார். எரிமலை ஆய்வாளர் ரிட்மன் 1933-இல் வெசூவியசுக்குப் பொருத்திக் காட்டினார். சிலிக்கா குறைவதற்கு இது நல்ல விளக்கம். ஆனால் சுண்ணாம்புக்கல்லில் பொட்டாசியமே கிடையாதே. இல்லாத சரக்கை எப்படிக் கடன் கொடுக்கும்?

ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை, இன்னும் கறாராகச் சொல்லிவிட்டது. ருபிடியம் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. ஆகவே ருபிடியம் மிகுந்த பழைய மேலோட்டில் ஸ்ட்ரான்சியம்-87க்கும் 86க்கும் உள்ள விகிதம் காலப்போக்கில் ஏறிக்கொண்டே போகும். கடல்தரை பசால்ட்டின் கவசத்தில் அது 0.7025 அளவில் இருக்கிறது. இத்தாலியின் மெசோசோயிக் (டைனோசர் காலத்து) சுண்ணாம்புக்கல், அந்தக் காலக் கடல்நீரைப் போல், 0.707, 0.708 என்று இருக்கும். ஆல்பன் குன்று லாவாவோ 0.710-ஐத் தாண்டுகிறது. டஸ்கனியின் லாம்ப்ராய்ட்கள் 0.716 வரை போகின்றன. 0.703-ஐயும் 0.708-ஐயும் எந்த விகிதத்தில் கலந்தாலும் 0.710 வராது. ஆகவே சுண்ணாம்புக்கல்லை முதல் குற்றவாளி என்று சொல்ல முடியாது. அதற்காக அதை முழுவதுமாக விடுதலை செய்துவிடவும் கூடாது. ஆல்பன் குன்றுகளின் குழம்பு மேலோட்டில் தங்கியபோது சுண்ணாம்புக்கல்லோடு வினைபுரிந்திருக்கிறது. சிலிக்கா இன்னும் குறைந்ததிலும், அங்கே இன்றும் கரியமிலவாயு கசிவதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் பொட்டாசியத்தைக் கொண்டுவந்தது அது இல்லை.

கொண்டுவந்தது அப்பிரகம். ஊர்ப்பேச்சில் காக்காப்பொன். அதிலும் மக்னீசியம் மிகுந்த, தேன் நிறத்து ஃப்ளோகோபைட் என்ற வகை. அதில் 10 சதவீதம் அளவுக்குப் பொட்டாசியம் ஆக்சைடு உண்டு, சோடியம் பெயருக்குத்தான். மேலே சொன்ன இரண்டு கணக்குகளும் இந்த ஒரே கனிமத்தில் தீர்ந்துவிடுகின்றன. நீர் கலந்த கனிமமாக இருந்தும் 150, 200 கிலோமீட்டர் ஆழம் வரை ஃப்ளோகோபைட் தாக்குப்பிடிக்கும் என்று உயரழுத்தச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சூடு ஏறும்போது சுற்றியுள்ள ஆலிவினுக்கு முன்பே அது உருகத் தொடங்கும்.

கவசத்தில் ஃப்ளோகோபைட் இருக்கிறது என்பதற்குக் கையில் பிடித்துக் காட்டச் சான்று உண்டா? உண்டு. இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் ஃபினேரோ என்ற இடத்தில் கவசத்தின் ஒரு துண்டே மேலே தூக்கிப் போடப்பட்டிருக்கிறது. பச்சை ஆலிவின் பாறைக்கு நடுவே அப்பிரகத் தகடுகள் மின்னும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் வைரக் குழாய்கள் மேலே கொண்டுவந்த துண்டுப் பாறைகளிலும், அப்பிரகமும் பொட்டாசிய ஆம்பிபோல் என்ற கனிமமும் நிறைந்த ஒரு வகையை டாசனும் ஸ்மித்தும் 1977-இல் விவரித்தார்கள். பெரும்பாலும் இவை கவசத்துக்குள் நரம்புபோல் ஓடுகின்றன. பாறை முழுவதும் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. உருகும்போது நரம்பு முதலில் உருகும். அந்த உருகல் சுற்றுச்சுவரையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு மேலேறும். இதையும் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஃபோலிதான், 1992-இல். ஒரே எரிமலையிலேயே ஒரு லாவாவுக்கும் அடுத்த லாவாவுக்கும் பொட்டாசியம் ஏன் இவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, அந்த நரம்புக்குள் பொட்டாசியத்தை ஊற்றியவர் யார்? இங்கேதான் இடத்துக்கு இடம் பதில் மாறுகிறது.

இத்தாலியில் பதில் அமிழும் தட்டு. ஏட்ரியாட்டிக் பக்கத்துத் தட்டு மேற்கு நோக்கி அமிழ்ந்து, பின்வாங்கிக்கொண்டே போனது. அதன் முதுகில் கண்டத்திலிருந்து அரித்து வந்த களிமண் படிவும் ஏறிப் போனது. களிப்பாறையில் 3, 4 சதவீதம் பொட்டாசியம் ஆக்சைடு உண்டு. அந்தப் பொட்டாசியம் அப்பிரகக் கனிமங்களில் பத்திரமாக உட்கார்ந்து ஆழத்துக்குப் போகும். ஆழத்தில் படிவு உருகி, மேலே இருக்கும் கவசத்துக்குள் ஏறி, ஆலிவினோடு வினைபுரிந்து ஃப்ளோகோபைட்டாக உறையும். களிமண் பழைய கண்டத்தின் பிள்ளை, 0.710, 0.716 என்ற ஐசோடோப்பு எண்கள் அதனுடைய முத்திரைதான். இன்னொரு தடயமும் இருக்கிறது. இந்த லாவாக்களில் நியோபியமும் டான்டலமும் பக்கத்துத் தனிமங்களோடு ஒப்பிட்டால் பள்ளம் விழுந்ததுபோல் குறைந்திருக்கும். அமிழும் தட்டில் இருக்கும் ரூட்டைல் என்ற கனிமம் அந்த இரண்டையும் விடாமல் பிடித்துவைத்துக்கொள்வதே காரணம் என்பது பரவலான கருத்து. ரோமானிய எரிமலைகளைத் தட்டு அமிழ்தலோடு சேர்க்காமல், கண்டம் பிளந்ததால் வந்தவை என்று வாதாடும் சிறு அணி இத்தாலியிலேயே இருக்கிறது. அவர்கள் கட்டுரைகளையும் படிக்கலாம். என்னைக் கேட்டால், அந்தப் பள்ளத்தையும் அந்த ஐசோடோப்பையும் சேர்த்து விளக்க அவர்களால் முடியவில்லை.

டஸ்கனி லாம்ப்ராய்டில் இன்னொரு வேடிக்கை. அதில் பொட்டாசியம் எக்கச்சக்கம். சுண்ணமும் அலுமினாவும் சோடியமும் மிகக் குறைவு. ஒரே பாறையில் பரம ஏழையும் பெரும் பணக்காரனும். அதன் தாய்க் கவசம் முன்பே ஒருமுறை உருகி, கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துவிட்டுச் சக்கையாகிப்போனது. அந்தச் சக்கைக்குள்தான் பிறகு களிமண்ணின் உருகல் ஊறியது. கரும்புச் சக்கையில் பாகை ஊற்றிவைத்து மறுபடி பிழிந்த மாதிரி.

கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவின் மேற்குக் கிளையில் காட்சி முற்றிலும் வேறு. உகாண்டாவின் மேற்கு எல்லையை ஒட்டி, டோரோ அங்கோலே பகுதியில் சின்னச் சின்ன எரிமலை வாய்கள் நூற்றுக்கு மேல் கிடக்கின்றன. கதிரியக்கத்தால் பாறை வயதைக் கணித்த முன்னோடியான ஆர்தர் ஹோம்ஸ், 1930களில் தொடங்கி இந்தப் பாறைகளோடு மல்லுக்கட்டி கட்டுங்கைட், மஃபுரைட், உகாண்டைட் என்று பெயரிட்டார். மூன்றின் தலையெழுத்துகளையும் சேர்த்ததுதான் பின்னாளில் வந்த 'காமாஃபுகைட்'. இங்கே சிலிக்கா 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பெரும்பாலான தீப்பாறைகளில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் படியவே சிலிக்கா போதாது. லூசைட்டுக்கே தட்டுப்பாடு வந்து, இன்னும் சிலிக்கா குறைந்த கால்சிலைட் என்ற கனிமம் படிகிறது. பொட்டாசியம், அலுமினியம், சிலிக்கன் மூன்றின் வேதிக் குறியீடுகளையும் கோத்து 1942-இல் அதற்கு வைத்த பெயர் அது.

இங்கே நியோபியப் பள்ளம் கிடையாது. மாறாக நியோபியம் மேடாக நிற்கிறது. களிமண் முத்திரையும் இல்லை. அந்த லாவாக்கள் மேலே தூக்கி வந்த துண்டுப் பாறைகளைப் பார்த்தால் அப்பிரகமும் கிளினோபைராக்சினும் நிறைந்தவை, ஆலிவின் அரிது. கரியமிலவாயு நிறைந்த உருகல்கள் ஆழத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ஏறி, கண்டத்தின் கனமான அடித்தட்டில் வெகு காலமாக ஊறியிருக்கின்றன. பிளவு வந்து தட்டு இழுபட்டபோது அது உருகியது. பொட்டாசியத்தின் உறைவிடம் இங்கும் அப்பிரகம்தான், ஊற்றிய கை வேறு. நீரும் களிமண்ணும் ஊற்றிய இடத்தில் சிலிக்கா ஓரளவு தாராளமான பாறை. கரியமிலவாயு ஊற்றிய இடத்தில் சிலிக்கா வறண்ட பாறை. நூலில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

அதே கிளையில் சற்றுத் தெற்கே, காங்கோ எல்லைக்குள் நயிராகோங்கோ. உச்சிக் குழியில் கொதிக்கும் லாவா ஏரி கொண்ட மலை. பொட்டாசியம் நிறைந்திருந்தாலும் சோடியமும் சரிக்குச் சமமாக இருப்பதால் ஃபோலியின் அளவுகோலுக்குள் அது வராது. ஆனால் சிலிக்கா 40 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால் அதன் குழம்பில் பிசுபிசுப்பே இல்லை. 1977-இல் மலையின் பக்கவாட்டில் பிளவு திறந்தபோது அந்த ஏரி முழுவதும் வடிந்து, ஓடித் தப்ப முடியாத வேகத்தில் ஊர்களுக்குள் பாய்ந்தது. 2002 ஜனவரியிலும் 2021 மே மாதத்திலும் கோமா நகரத்தை நோக்கி மறுபடி வந்தது. பாறையின் வேதியியல் நமக்குத் தேர்வுக் கேள்வி. கோமாவில் வீட்டை விட்டு ஓட எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதையே அது முடிவு செய்கிறது.

தட்டு எல்லைக்கே தொலைவில் இருக்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் லூசைட் குன்றுகள், 30 லட்சம் முதல் 9 லட்சம் ஆண்டு வயது. பொட்டாசியம் ஆக்சைடு 10 முதல் 12 சதவீதம், சோடியம் ஆக்சைடு ஏறத்தாழ 1. உரத்துக்கான பொட்டாஷை ஜெர்மனியிலிருந்தே வாங்க வேண்டியிருந்த அந்த நாளில், 1912-இல், அமெரிக்க நிலவியல் அளவைத் துறை இந்தக் குன்றுகளைப் பொட்டாஷ் வளமாகவே கணக்கெடுத்தது. அவை உட்கார்ந்திருக்கும் வயோமிங் அடித்தட்டு 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதில் அப்பிரகம் ஊறியது எப்போதோ, உருகியது நேற்று. ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் இன்னொன்று. 1979-இல் அங்கே வைரம் கண்டுபிடிக்கப்படும் வரை வைரத்தின் தாய்ப்பாறை கிம்பர்லைட் மட்டுமே என்றுதான் சொல்லிவந்தோம், இதுவோ லாம்ப்ராய்ட். இளஞ்சிவப்பு வைரத்துக்குப் பேர்போன அந்தச் சுரங்கம் 2020-இல் மூடப்பட்டது. குழாயின் வயது 130 கோடி ஆண்டு என்று 2023-இல் திருத்தினார்கள். நூனா என்ற பழைய பெருங்கண்டம் இழுபட்டுப் பிளந்த காலம் அது. குழாய் இருக்கும் இடமோ, அதற்கும் 50 கோடி ஆண்டுக்கு முன்பு இரண்டு நிலத்துண்டுகள் மோதி ஒட்டிய தையல்.

திபெத்தும் தென்கிழக்கு ஸ்பெயினும் தட்டு அமிழும் இடத்துக்கும் தட்டின் நடுவுக்கும் இடையில் நிற்கும். திபெத்தின் லாசா பகுதியில் அதீதப் பொட்டாசிய லாவாக்கள் கிளம்பியது சுமார் 2.5 கோடி ஆண்டிலிருந்து 80 லட்சம் ஆண்டு வரை. இந்தியா மோதியது 5 கோடி ஆண்டுக்கு முன்பே. அமிழ்தல் முடிந்து, மோதல் முடிந்து, அதற்கும் பிறகு அடித்தட்டின் கீழ்ப்பகுதி கழன்றோ, அமிழ்ந்த தட்டு அறுந்தோ, கீழிருந்து சூடு ஏறியது. கழன்றதா அறுந்ததா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பொட்டாசியத்தை யார் ஊற்றியது என்பதில் அவ்வளவு சண்டை இல்லை.

இப்போது பாடக்குறிப்புகளில் வரும் முக்கோண வரைபடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. டைட்டேனியம், நியோபியம், சிர்க்கோனியம் எண்களைக் குறித்தால் "அமிழ்தல்", "பிளவு", "தட்டின் நடு" என்று கட்டம் சொல்லும். நவீன எரிமலைகளுக்கு அது ஓரளவு ஒத்துவரும். ஆனால் பொட்டாசியப் பாறை விஷயத்தில் அந்தக் கட்டம் சொல்வது நரம்பு எப்படி ஊறியது என்பதை. எரிமலை எங்கே வெடித்தது என்பதை இல்லை. 80 கோடி ஆண்டுப் பாறை ஒன்று "அமிழ்தல்" கட்டத்தில் விழுந்தது என்பதற்காக, அப்போது அங்கே தட்டு அமிழ்ந்துகொண்டிருந்தது என்று எழுதிவிடுகிறார்கள். ஆய்வேடுகளைத் திருத்தும்போது நான் அதிகம் சிவப்பு மை செலவழித்த இடம் இது. புலத்தில் பாறை எதை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறது, பக்கத்தில் என்ன பாறை, எந்தப் பிளவை ஒட்டி வரிசையாக நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் வரைபடத்துக்குப் போக வேண்டும்.

வயது கணிப்பிலும் இந்தப் பாறைகளுக்குத் தனி மதிப்பு. பொட்டாசியம்-40 சிதைந்து ஆர்கான்-40 ஆகும் கடிகாரம் அதன் உள்ளேயே ஓடுகிறது. பொட்டாசியம் மிகுதி என்பதால் மிக இளம் பாறையில்கூட அளக்கும் அளவுக்கு ஆர்கான் சேரும். 1997-இல் பால் ரென்னும் கூட்டாளிகளும் கி.பி. 79-இல் வெசூவியஸ் கக்கிய நுரைக்கல்லிலிருந்து சானிடின் என்ற பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரைப் பொறுக்கி எடுத்து அளந்தார்கள். வந்த விடை 1925 ஆண்டு, பிழை 94 கூட்டியோ குறைத்தோ. உண்மையில் ஆகியிருந்தது 1918 ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளை அளக்கும் கடிகாரத்தில் ஏழு வருட வித்தியாசம்.

கடைசியாக, நம் பக்கம். இந்தியாவில் ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரி வயல்களைச் சொல்லியாக வேண்டும். அங்கே சுமார் 11 கோடி ஆண்டுக்கு முன்பு அப்பிரகம் நிறைந்த பொட்டாசியக் குழம்பு நிலக்கரிப் படுகைகளுக்குள் தகடு தகடாகப் புகுந்து, தொட்ட கரியையெல்லாம் சுட்டுவிட்டது. சுரங்கத்தில் அந்தச் சுட்ட கரிக்கு 'ஜாமா' என்றே பெயர். குழம்பு ஒரு விரற்கடை கனத்தில் நுழைந்த இடத்தில்கூட இரண்டு பக்கமும் கரி கல்லாகிக் கிடக்கும்.

தமிழ்நாட்டில் ஏலகிரி, செவ்வாத்தூர், சாமல்பட்டி, பக்கநாடு என்று வடகிழக்கு தென்மேற்காக ஒரு வரிசை. சயனைட் (syenite; நஞ்சான சயனைடு இல்லை), பைராக்சின் நிறைந்த பைராக்சினைட், கார்பனேட் நிறைந்த தீப்பாறையான கார்பனடைட் மூன்றும் சேர்ந்து கிடக்கும் கூட்டம், ஏறத்தாழ 75 முதல் 80 கோடி ஆண்டு வயது. கோடை விடுமுறைக்குப் படகு சவாரி போகும் ஏலகிரி மலையே சயனைட்தான். கார ஃபெல்ட்ஸ்பார் நிறைந்த, குவார்ட்ஸ் அருகிய பாறை. ஆனால் இதை வெசூவியசோடு அப்படியே சேர்த்துவிடாதீர்கள். சயனைட்டில் மக்னீசியம் குறைவு. ஃபோலியின் இரண்டாவது நிபந்தனையிலேயே தோற்றுவிடும். மேலோட்டில் நின்று நிதானமாகப் படிகங்களை உதிர்த்துவிட்டு மிஞ்சிய குழம்பு அது. லூசைட்டையும் தேட வேண்டாம். ஆழத்தில் நீர் கலந்த குழம்பில் அது நிலைக்காது. லாவாவாக மேலே வந்து சட்டென்று ஆறினால்தான் தப்பிக்கும். இந்த வரிசை ஒரு பழைய பிளவை ஒட்டி நிற்கிறது என்பது பெரும்பாலோர் கருத்து. ஐசோடோப்புகளோ, தாய்க் கவசம் அதற்கு வெகு காலம் முன்பே ஊறிப்போயிருந்தது என்று காட்டுகின்றன. மறுபடியும் அதே இரண்டு காரியங்கள்.

பார்க்கப் போவதானால் திருப்பத்தூர் பக்கத்துச் செவ்வாத்தூருக்குப் போங்கள். சயனைட்டுக்கும் கார்பனடைட்டுக்கும் அருகே அப்பிரகம் நிறைந்த பைராக்சினைட் இருக்கிறது. மேல் மட்டத்தில் அந்த அப்பிரகம் வெயிலிலும் மழையிலும் பட்டு வெர்மிகுலைட்டாக மாறியிருக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டி எடுக்கும் சரக்கு அதுதான். ஒரு சிட்டிகை எடுத்து இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினால், தகடுகள் நெளிந்து நெளிந்து, பொரி போல் பல மடங்கு உப்பிவிடும். தகடுகளுக்கு நடுவே இருக்கும் நீர் ஆவியாகி அவற்றைத் தள்ளுகிறது. அந்த நீர் இருக்கும் இடத்தில்தான் முன்பு பொட்டாசியம் இருந்தது. மழை அதைக் கரைத்து எடுத்துக்கொண்டு, பதிலுக்கு மக்னீசியத்தையும் நீரையும் வைத்துவிட்டுக் கீழே இருக்கும் வயல்களுக்குப் போய்விட்டது.